ஹைட்ரஜன் எங்கே போனது? கார்பன் வினையூக்கிகள் பற்றி ஒரு திருத்தக் குறிப்பு

போன வருஷம் நான் போட்ட ஒரு எக்செல் ஷீட்டில் தப்பு இருந்தது. சூத்திரத்தில் இல்லை, தலைப்பிலேயே. அதைத் திருத்தத்தான் இந்தக் குறிப்பு. திருத்தும்போதுதான் அந்தத் தப்பு என்னுடையது மட்டும் இல்லை, இந்தத் துறையில் பலரும் செய்வது என்று தெரிந்தது. அதனால் இது கொஞ்சம் விமர்சனமும்கூட.

முன்கதை இதுதான். என் அக்கா மகள் எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்திருந்தாள். "மாமா, திரவத்துல ஹைட்ரஜனைச் சேமிக்கிறதுல ஏதாவது தலைப்பு எடுக்கலாமான்னு பாக்கறேன்" என்றாள். நான் படித்தது பி.இ., வேலை மென்பொருள். ஆனால் ஹைட்ரஜன் சேமிப்பு என் பல வருஷப் பொழுதுபோக்கு. உற்சாகமாகி, நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகளைப் படித்து ஒரு ஷீட் தயாரித்தேன். 'ஹைட்ரஜன் வெளியாகும் வெப்பநிலை' என்று ஒரு நெடுவரிசை. குறைந்ததிலிருந்து கூடியதற்கு வரிசைப்படுத்தியதும் மேலே வந்து நின்றவை எல்லாம் உலோகமே இல்லாத கார்பன் வினையூக்கிகள். நைட்ரஜன் கலந்த கார்பன், கிராஃபீன் ஆக்சைடு, ஏதோ ஒரு விவசாயக் கழிவிலிருந்து எடுத்த கார்பன். பிளாட்டினம் 300 டிகிரியில் செய்வதை இவை 100 டிகிரியில் செய்கின்றன! "இதை எடு" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து போன் வந்தது. "மாமா, நீங்க மேல வச்சிருக்கிற பத்துல, வெளிய வந்த ஹைட்ரஜன் வாயுவை அளந்தது எத்தனைன்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. அவள் வாழ்க்கையில் நாலைந்து வருஷம் போகிற விஷயம் இது. நான் ஒரு வரிசைப்படுத்தும் பொத்தானை அழுத்தி முடிவு சொல்லியிருந்தேன்.

முதலில் அந்தத் திரவம்

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஹைட்ரஜன் வாயுவை லாரியில் கொண்டுபோவது கஷ்டம்: அழுத்த வேண்டும், இல்லையென்றால் மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். இன்னொரு வழி, அதை ஒரு கரிமத் திரவத்தின் மேல் ஏற்றிவிடுவது. டொலுயீனோடு ஹைட்ரஜனைச் சேர்த்தால் மெத்தில்சைக்ளோஹெக்சேன் கிடைக்கும். பெட்ரோல் மாதிரியே டாங்கரில் கொண்டுபோகலாம். போய்ச் சேர்ந்த இடத்தில் சூடாக்கி ஹைட்ரஜனை இறக்கிவிட்டு, டொலுயீனைத் திருப்பி அனுப்பலாம். காலி கேஸ் சிலிண்டர் திரும்பிப் போகிற மாதிரிதான்.

எடையில் சுமார் 6.2% ஹைட்ரஜன். ஒரு லிட்டர் திரவத்தில் கிட்டத்தட்ட 47 கிராம். 1 டன் ஹைட்ரஜன் வேண்டுமானால் 16 டன் திரவம் வர வேண்டும், 15 டன் டொலுயீன் திரும்பிப் போக வேண்டும். இது காகிதத் திட்டம் இல்லை. ஜப்பானின் சியோடா நிறுவனமும் அதன் கூட்டாளிகளும் 2020-ல் புரூனேயிலிருந்து காவாசாகிக்கு இப்படித்தான் கப்பலில் ஹைட்ரஜனைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஆண்டுக்கு அதிகபட்சம் 210 டன் என்பது அந்தச் சோதனையின் அளவு. ஜெர்மனியின் எர்லாங்கனில் 2013-ல் தொடங்கிய ஹைட்ரஜீனியஸ் நிறுவனம் டொலுயீனுக்குப் பதில் பென்சைல்டொலுயீன் குடும்பத் திரவங்களை எடுத்துக்கொண்டது. அந்தக் குடும்பத்தின் டைபென்சைல்டொலுயீன், தொழிற்சாலைகளில் வெப்பம் கடத்தும் எண்ணெயாக ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த சரக்கு.

இறக்குகிற இடத்தில்தான் சிக்கல். அங்கே வினையூக்கி வேண்டும், பொதுவாக அது பிளாட்டினம். விலை அதிகம், கிடைப்பதும் சில நாடுகளில்தான். அதனால் "பிளாட்டினத்துக்குப் பதில் கார்பன்" என்று யாராவது சொன்னால் காது தானாகவே நீளும். என் காதும் அப்படித்தான் நீண்டது.

ஒரே பெயரில் மூன்று பேர்

'கார்பன் அடிப்படையிலான வினையூக்கி' என்ற சொல்லே முதல் குழப்பம். அதற்குள் மூன்று வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

முதலாமவர்: கார்பன் வெறும் தரை, மேலே பிளாட்டினமோ நிக்கலோ நுண்துகளாக உட்கார்ந்திருக்கும். வேலை செய்வது உலோகம். இரண்டாமவர்: நைட்ரஜன் கலந்த கார்பனில் உலோகம் தனித்தனி அணுவாகச் சிக்கியிருக்கும். இங்கே கார்பன் தரை மட்டும் இல்லை, உலோகத்தின் குணத்தையே மாற்றுகிறது. ஆனாலும் உலோகம் இருக்கிறது. மூன்றாமவர்: உலோகமே இல்லாத வெறும் கார்பன்.

ஆய்வுத் தொகுப்புக் கட்டுரைகளில் இந்த மூவரும் ஒரே அட்டவணையில் வருகிறார்கள். முதலாமவரின் வேகம், இரண்டாமவரின் சிக்கனம், மூன்றாமவரின் மலிவு எல்லாம் சேர்ந்து 'கார்பன்' என்ற ஒரே பெயருக்கு வரவு வைக்கப்படுகிறது. மூன்று ஊழியர்களின் திறமைகளை ஒருவர் பயோடேட்டாவில் எழுதிய மாதிரி.

என் ஷீட்டின் உச்சியில் இருந்தவர்கள் மூன்றாம் வகை. அவர்களைப் பார்ப்போம்.

ஹைட்ரஜன் எங்கே?

டெட்ராஹைட்ரோகுவினோலின் என்று ஒரு மூலக்கூறு. அதிலிருந்து இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறுகளை எடுத்தால் குவினோலின். கார்பன் வினையூக்கி போட்டு, 100 டிகிரி பக்கம், காற்றிலோ ஆக்சிஜனிலோ கலக்கினால் குவினோலின் நிறைய வருகிறது. கட்டுரை இதை 'ஹைட்ரஜன் நீக்கம்' என்கிறது. சரிதான், மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜன் நீங்கியிருக்கிறது. ஆனால் எங்கே போனது? ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகவோ ஹைட்ரஜன் பெராக்சைடாகவோ போய்விட்டது.

தண்ணீர் என்பது ஹைட்ரஜனின் சாம்பல். விறகுக் கடையில் காசு கொடுத்துவிட்டுச் சாம்பலை அள்ளிக்கொண்டு வருவது மாதிரிதான் இது. சேமித்த ஆற்றல் அங்கேயே, குடுவைக்குள்ளேயே, எரிந்து முடிந்துவிட்டது.

100 டிகிரியில் முடிந்ததற்கும் காரணம் இதுவேதான். ஒரு மோல் ஹைட்ரஜன் எரிந்து நீராவியானால் 242 கிலோஜூல் வெளிவரும். அந்தச் சரிவில் எந்த வண்டியும் தானாக உருளும். பிளாட்டினம் 300 டிகிரியில் செய்வது மேடேறும் வேலை, ஹைட்ரஜனை ஹைட்ரஜனாகவே வெளியே தருவது. இரண்டையும் ஒரே நெடுவரிசையில் போட்டு வெப்பநிலையை ஒப்பிட்டது என் முட்டாள்தனம்.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: மூலக்கட்டுரைகளை எழுதியவர்களில் பெரும்பாலானவர்கள் பொய் சொல்லவில்லை. தலைப்பிலேயே 'ஆக்சிஜனேற்ற ஹைட்ரஜன் நீக்கம்' என்று போட்டிருக்கிறார்கள். குவினோலின் போன்றவை மருந்துத் தயாரிப்பில் வேண்டிய பொருள்கள், அவற்றை உலோகம் இல்லாமல் செய்வது நல்ல வேலையே. தப்பு நடப்பது முன்னுரையில். 'ஹைட்ரஜன் பொருளாதாரத்துக்கு இது முக்கியம்' என்று ஒரு வாக்கியம் நுழையும். அடுத்து வரும் தொகுப்புக் கட்டுரை அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொள்ளும், 'ஆக்சிஜனேற்ற' என்ற ஒரு சொல் வழியில் உதிர்ந்துவிடும். கடைசியில் என்னைப் போன்ற ஒருவன் அட்டவணையிலிருந்து ஷீட்டுக்கு எடுப்பான். நிரலாக்கத்தில் இதைத் தினமும் பார்க்கிறோம்: மூலத் தரவில் அலகு சரியாக இருக்கும், மூன்று கைமாறியதும் அலகு காணாமல் போய் எண் மட்டும் மிஞ்சும்.

உலோகம் எங்கே?

ஆக்சிஜன் இல்லாமல், உண்மையிலேயே ஹைட்ரஜன் வாயுவை அளந்த வெறும் கார்பன் கட்டுரைகளும் இருக்கின்றன. அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தக் கார்பன் உண்மையில் வெறும் கார்பன்தானா?

வேதியியலில் இதற்கு நல்ல பாடங்கள் உண்டு. 2003 வாக்கில் லெட்பீட்டர் குழு, பல்லேடியம் இல்லாமலே சுசுகி இணைப்பு வினை நடக்கிறது என்று எழுதியது. 2005-ல் அதே குழு மறுபடி ஆராய்ந்து, தாங்கள் கடையில் வாங்கிய சோடியம் கார்பனேட்டில் 100 கோடியில் 50 பங்கு பல்லேடியம் இருந்திருக்கிறது, வேலை செய்தது அதுவே என்று தாங்களே அறிவித்தார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த கட்டுரை அது. ஆனால் பாடம் நிலைக்கவில்லை. 2021-ல் 'நேச்சர் கேட்டலிசிஸ்' இதழில் அதே வகை வினைக்கு உலோகம் இல்லாத அமீன் வினையூக்கி என்று ஒரு கட்டுரை வந்தது. வேறு குழுக்கள் சோதித்தபோது அந்த அமீனைத் தயாரிக்கப் பயன்பட்ட பல்லேடியம் அதிலேயே ஒட்டியிருப்பது தெரிந்து, கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

கார்பனில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல், ஏனென்றால் கார்பன் எதையும் உறிஞ்சும். கிராஃபீன் ஆக்சைடை ஹம்மர்ஸ் முறையில் செய்தால் பொட்டாசியம் பர்மாங்கனேட் போடுகிறோம், மாங்கனீஸ் மிஞ்சலாம். கார்பன் நானோகுழாய்கள் இரும்பு, கோபால்ட், நிக்கல் துகள்களின் மேல்தான் வளர்கின்றன. தேங்காய்ச் சிரட்டையிலும் உமியிலும் சாம்பல் சத்து உண்டு. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டு 800 டிகிரியில் கார்பனைத் துளைபோடும்போது, அந்தக் காரம் உலோகப் பாத்திரத்தையும் அரிக்கும். கலக்கும் காந்தத் துண்டுகூட நிரபராதி இல்லை: மாஸ்கோவில் அனனிகோவ் குழு 2019-ல் பழைய காந்தத் துண்டுகளின் கீறல்களில் முந்தைய பரிசோதனைகளின் உலோகம் தங்கியிருந்து வினை நடத்துவதைக் காட்டியது. எங்கள் பாஷையில் சொன்னால், அறிவிக்கப்படாத சார்பு. உங்கள் கணினியில் நிரல் ஓடும், அடுத்தவர் கணினியில் ஓடாது.

இந்த அளவு உலோகம் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போடுவோம். 1 கிராம் கார்பனில் பத்து லட்சத்தில் 50 பங்கு பிளாட்டினம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 50 மைக்ரோகிராம், அதாவது சுமார் 0.26 மைக்ரோமோல். சூடான நிலையில் ஒவ்வொரு அணுவும் நொடிக்கு ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறை விடுவித்தால், மணிக்கு ஏறக்குறைய 22 மில்லிலிட்டர் வாயு. ஆய்வகக் குடுவையில் அது கண்ணுக்குத் தெரிகிற, வரைபடம் போட்டுக் காட்டுகிற அளவு.

மார்ட்டின் புமேரா குழு இதை வேறு கோணத்தில் கிண்டலடித்தது. கிராஃபீனில் எதைக் கலந்தாலும் 'செயல்திறன் கூடியது' என்று கட்டுரை வருவதைப் பார்த்து, பறவை எச்சத்தையே கலந்து மின்வினையூக்கத்தில் சோதித்தார்கள். கலக்காத கிராஃபீனைவிட நன்றாகவே வேலை செய்தது! 2020-ல் 'ஏசிஎஸ் நானோ'வில் வெளிவந்தது. சிரித்து முடித்ததும் யோசிக்க வேண்டியது: ஒப்பிட எடுத்துக்கொண்ட 'வெறும்' கார்பன் மோசமாக இருந்தால், எதைச் சேர்த்தாலும் முன்னேற்றம்தான்.

வெப்பம் எங்கே?

மூன்றாவது விஷயம் எந்த வினையூக்கிக்கும் பொருந்தும். மெத்தில்சைக்ளோஹெக்சேனிலிருந்து ஒரு மோல் ஹைட்ரஜனைப் பிரிக்கச் சுமார் 68 கிலோஜூல் தேவை. அந்த ஹைட்ரஜனை எரித்தால் கிடைப்பது 242. அதாவது 28% ஆற்றலை வெப்பமாக வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். பிளாட்டினமோ கார்பனோ, இந்தக் கட்டணத்தில் ஒரு பைசா குறையாது. வினையூக்கி கம்பைலர் மாதிரி: நல்ல கம்பைலர் நிரலை வேகமாக ஓட்டும், விடையை மாற்றாது.

சமநிலையும் அப்படித்தான். வெப்ப இயக்கவியல் அட்டவணைகளை வைத்து நானே போட்ட கணக்கில், இந்த வினையின் சமநிலை மாறிலி 1 ஆவது சுமார் 280 டிகிரியில். 150 டிகிரியில், சாதாரண அழுத்தத்தில், மூடிய நிலையில், எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ஒன்றிரண்டு சதவீதத்துக்கு மேல் பிரியாது. அதற்கு மேல் வந்தது என்று ஒருவர் சொன்னால், வெளியேறும் ஹைட்ரஜனை உடனுக்குடன் அகற்றியிருக்க வேண்டும், அல்லது வேறு வாயுவால் நீர்க்கச் செய்திருக்க வேண்டும். இரண்டும் செய்யலாம். ஆனால் அப்போது பாராட்டு உலைக்கு, வினையூக்கிக்கு அல்ல.

கட்டணம் குறைவான திரவங்களும் உண்டு. என்-எத்தில்கார்பசோலில் மோலுக்குச் சுமார் 53 கிலோஜூல்தான், கொள்ளளவு 5.8%. ஆனால் ஹைட்ரஜனை இறக்கியதும் அது 70 டிகிரி பக்கம்தான் உருகும் திடப்பொருளாகிவிடும், குழாயில் உறையும். இதெல்லாம் திரவத்தின் குணம். இதையும் வினையூக்கியின் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கார்பனுக்குச் சேர வேண்டியது

அப்படியானால் கார்பனை விட்டுவிடலாமா? இல்லை. அதற்கு உண்மையாகச் சேர வேண்டிய பெருமையே போதுமான அளவு இருக்கிறது.

முதலில் தரையாக. அலுமினாவின் மேற்பரப்பில் அமிலத்தன்மை உண்டு, அது திரவத்தை உடைத்துக் கரிப்படிவை உண்டாக்கும். கார்பன் அந்த வகையில் சாது. ஜப்பானில் இச்சிகாவா குழு 2002-ல் பிளாட்டினம் ஏற்றிய கிளர்வூட்டிய கார்பனைச் சூடாக்கி, அதன்மேல் திரவத்தை விட்டுவிட்டுத் தெளிக்கும் முறையைக் காட்டியது. மேற்பரப்பு நனைந்து காய்ந்து மறுபடி நனையும். ஹைட்ரஜன் உடனே விலகிப்போகும் என்பதால் சமநிலைத் தடையும் குறையும். நாக்பூர் நீரி ஆய்வகத்தின் ராஜேஷ் பினிவாலே அதே குழுவோடு சேர்ந்து, கார்பன் மேல் நிக்கலைப் போட்டு, அதில் கொஞ்சம் பிளாட்டினம் சேர்த்தால் என்ன ஆகும் என்று பார்த்தார். விலை குறைக்கும் நேர்மையான வழி இது: உலோகம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, அதைக் குறைப்பது.

கார்பன் தரையில் இன்னொரு வசதி, ஆயுள் முடிந்ததும் மொத்தத்தையும் எரித்துச் சாம்பலிலிருந்து பிளாட்டினத்தை மீட்டுவிடலாம். ஆனால் அதே குணம்தான் பலவீனமும். அலுமினா வினையூக்கியில் கரி படிந்தால் காற்றுவிட்டு எரித்துச் சுத்தம் செய்யலாம். கார்பன் தரையில் அப்படிச் செய்தால் கரியோடு தரையும் எரிந்துபோகும். வீட்டைக் கூட்டுகிறேன் என்று வீட்டையே கொளுத்துவது. இந்த வரியை எத்தனை கார்பன் கட்டுரைகளில் பார்க்க முடிகிறது?

வெறும் கார்பனுக்கும் உண்மையான சாதனைகள் உண்டு. 2008-ல் 'சயின்ஸ்' இதழில் டாங்ஷெங் சூவும் சக ஆய்வாளர்களும், மேற்பரப்பைப் பக்குவப்படுத்திய நானோகுழாய்கள் பியூட்டேனிலிருந்து ஹைட்ரஜனை எடுப்பதைக் காட்டினார்கள். அது ஆக்சிஜனோடு. 2010-ல் நானோவைரத் துகள்கள் எத்தில்பென்சீனிலிருந்து ஆக்சிஜன் இல்லாமலே ஹைட்ரஜனை எடுத்து ஸ்டைரீன் தந்தன. அது 550 டிகிரி பக்கம். ஸ்டைரீன் தொழிலுக்குப் பெரிய செய்தி. ஆனால் நம் திரவம் அந்த வெப்பத்தில் நூறு முறை போய்வர முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் 0.1% திரவம் சிதைந்தால்கூட, 1 டன் ஹைட்ரஜனுக்கு 15 கிலோ டொலுயீன் புதிதாக வாங்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் பிளாட்டினத்தின் பலம் தெரிகிறது. சியோடாவின் வினையூக்கி, கந்தகம் சேர்த்துப் பக்குவப்படுத்திய பிளாட்டினம், அலுமினா மேல். சோதனை ஆலையில் 10,000 மணி நேரத்துக்கு மேல் ஓட்டிக் காட்டினார்கள். என் ஷீட்டின் உச்சியில் இருந்தவை ஐந்து சுழற்சி, பத்து சுழற்சி என்று பேசின.

ஷீட்டின் இரண்டாம் பதிப்பு

'ஹைட்ரஜன் வெளியாகும் வெப்பநிலை' என்ற தலைப்பை எடுத்துவிட்டேன். இப்போது அதற்குப் பதில் ஐந்து நெடுவரிசைகள்: வாயுவை அளந்தார்களா, திரவத்தை மட்டும் அளந்தார்களா? ஆக்சிஜன் உள்ளே இருந்ததா? உலோகச் சுவடு எவ்வளவு, எந்தக் கருவியில், எவ்வளவு நுட்பத்தில் பார்த்தார்கள்? அந்த வெப்பநிலையில் சமநிலை அனுமதிப்பது எவ்வளவு? எத்தனை மணி நேரம் ஓடியது? தாமாக ஆராய்ச்சி படிக்கும் யாரும் இந்த ஐந்தையும் எந்தக் கட்டுரையிலும் தேடலாம், வேதியியல் பட்டம் தேவையில்லை. மறுபடி நிரப்பியபோது, மூன்றாவதும் ஐந்தாவதும்தான் அதிகம் காலியாக இருக்கின்றன.

அக்கா மகள் என்ன எடுத்தாள்? கார்பன் மேல் நிக்கல். "உலோகம் இருக்குன்னு சொல்லிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன் மாமா" என்றாள். முதல் வேலையாகப் புதுக் காந்தத் துண்டுகள் வாங்கி, வினையூக்கியே போடாமல் வெறும் உலையை ஒரு வாரம் ஓட்டினாளாம். கொஞ்சம் ஹைட்ரஜன் வந்திருக்கிறது! உலையின் எஃகுச் சுவரே வேலை செய்கிறதோ என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறாள். அந்த அளவை இனி எல்லா முடிவுகளிலிருந்தும் கழிக்க வேண்டும்.

பழைய ஷீட்டைத் தரவிறக்கியவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள். புதியதில் தப்பு கண்டால் சொல்லுங்கள். போன தடவை கண்டுபிடித்தவருக்கு ஒரு பிரியாணி பாக்கி இருக்கிறது, அடுத்தவருக்கும் உண்டு.